கலையச் சொல்ல ஓர் ஆள்

ஐந்து மணி அடித்து வெகு நேரமாகிவிட்டது. ரப்பர் கம்பெனியின் கீழ்மாடியில் ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

எழுத்தர்களுக்கெல்லாம் தலைவரான பெரிய கிராணி கார்த்திகேசுவின் மேசைக்கு எதிரே கிரிகரி விறைப்பாக நின்றுகொண்டிருந்தான். குதிகால்கள் ஒட்டியிருந்தன. பார்வை, சுவரில் தொங்கிய காலண்டருக்கு மேலே எங்கோ இருந்தது.

பட்டாளத்தில் ஆறு வருஷம். பஸ்ராவிலிருந்து பாக்தாத் வரைக்கும் மண் வெட்டிச் சாலை போட்டவன். சண்டை முடிந்து கப்பலேறி கோலாலம்பூர் வந்து சேர்ந்த பிறகு இதுதான் அவனுக்கு முதல் வேலை. பியூன் வேலை. இந்த ஊரில் பியூனை 'தம்பி' என்று கூப்பிடுவார்கள். ஆனால் முறுக்கு மீசையும் ஆணியடித்த பூட்ஸுமாக நின்றவனை அப்படிக் கூப்பிட எந்தக் கிராணிக்கும் வாய் வரவில்லை.

பட்டாளம் அவனுக்கு ஒன்றைக் கற்றுக் கொடுத்திருந்தது. அதிகாரி கலையச் சொல்லாமல் எவனும் கலையக் கூடாது. மழை பெய்தாலும் சரி, குண்டு விழுந்தாலும் சரி. அங்கே கலையச் சொல்ல எப்போதும் ஓர் ஆள் இருந்தார். இங்கே அந்த ஆள் கார்த்திகேசுவாகத்தான் இருக்க வேண்டும். அவரோ குனிந்த தலை நிமிராமல் எழுதிக்கொண்டே இருந்தார்.

கார்த்திகேசு யாழ்ப்பாணத்துக்காரர். பக்கத்து மேசை ஜெயராஜிடம் உதடு அசையாமல் பேசக்கூடியவர்.

"துரையின்ர ஆள். ஆர் எத்தினை மணிக்கு எழும்புறான் எண்டு பாக்க விட்டிருக்கு."

"அதான் உட்காரவே மாட்டேங்கிறான்யா. எனக்கு எழுத ஒண்ணுமே இல்ல."

"பழைய கடிதங்களைத் திருப்பி எழுதும்."

"அதெல்லாம் நேத்தே எழுதிட்டேன்."

"எண்டால் நேற்று எழுதினதைத் திருப்பி எழுதும்!"

ஜெயராஜ் பேனாவை மையில் தோய்த்தான். அந்தக் கம்பெனியில் அதுவரை அவ்வளவு வேலை நடந்ததில்லை. அதில் ஒன்றும் யாருக்கும் தேவைப்படவில்லை.

மேலே வெள்ளைக்காரத் துரையின் அறையில், கூரையிலிருந்து தொங்கிய துணி விசிறியான பங்கா கீச் கீச்சென்று ஆடிக்கொண்டிருந்தது. ஊரெல்லாம் மின்விசிறி வந்துவிட்டது. இந்தக் கம்பெனி மட்டும் சிக்கனம் பார்த்து, பங்காக் கயிற்றை இழுக்கப் பின் வராந்தாவில் கன்னையா என்று ஓர் ஆளை வைத்திருந்தது. கன்னையா பின்படிக்கட்டில் வந்து பின்படிக்கட்டில் போகிறவன். அவனோடு கிராணிகள் பேசும் வழக்கமில்லை. ஆனால் கீச் சத்தம் கேட்டால் துரை அறையில் இருக்கிறார் என்று அர்த்தம். அது எல்லோருக்கும் தெரியும்.

துரை இத்தனை நேரம் இருப்பதே புதிது. கிரிகரி வேலைக்குச் சேர்ந்த அன்று துரை முன்படியில் இறங்கி வந்தார். கிரிகரி பூட்ஸால் தரை அதிர ஒரு மிதி மிதித்து சல்யூட் அடித்தான். துரையின் பைப் கீழே விழுந்தது. மறுநாளும் அதே மிதி, அதே சல்யூட். துரை முகம் சிவந்து, எதற்கோ மன்னிப்புக் கேட்பதுபோலத் தொப்பியைத் தொட்டுவிட்டு ஓடினார். மூன்றாம் நாள் பக்கவாசல் வழியாக நழுவப் பார்த்தார். அதிகாரி மரியாதையில்லாமல் போவதா என்று கிரிகரி கட்டிடத்தைச் சுற்றி ஓடி, அங்கேயும் அடித்தான். அதன் பிறகு துரை வருவதையோ போவதையோ யாரும் பார்க்கவில்லை.

"துரை ராப்பகலா உழைக்கிறார்யா" என்றான் ஜெயராஜ்.

"அவர் உழைக்கேக்க நாங்கள் எழும்பிப் போகேலுமோ?" என்றார் கார்த்திகேசு.

அன்றும் ஏழரை மணிக்குக் காவல்காரன் வந்து கதவைப் பூட்டிய பிறகுதான் கிரிகரி வீடு போய்ச் சேர்ந்தான். பிரிக்பீல்ட்ஸில், ரயில்வே குடியிருப்புக்குப் பின்னால் இருந்த வாடகை அறையில், அவன் மனைவி பிலோமினா இரண்டு தட்டுகளை எடுத்து வைத்துவிட்டு ஒன்றில் சாப்பிட்டு முடித்திருந்தாள்.

"ஆறு வருஷம் தனியாத்தான் சாப்பிட்டேன். கேட்டதுக்கு சண்டைன்னாங்க. சரின்னு இருந்தேன். இப்ப எவன்கூடங்க சண்டை?"

"இன்னிக்கும் கலையச் சொல்லல, பிலோமி."

"எவன் சொல்லணும்?"

"பெரிய கிராணி."

"அந்த ஆளு வாயில என்ன கொழுக்கட்டையா? நீங்க பாட்டுக்கு வந்தா என்ன?"

"சொல்லாம வந்தா பட்டாளத்துல பிடிச்சு உள்ள போடுவான். இங்க வேலை போயிடும். வேலை போனா இந்த அறை போயிடும்."

பிலோமினா தட்டைக் கழுவினாள். பிறகு திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்: "வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரு நாளாவது, மாதா கோயில் சாயங்கால மணி அடிக்கிறப்ப நீங்க வீட்ல இருக்கணும். இல்லேன்னா நான் கேரி தீவுக்கு எங்க அண்ணன் வீட்டுக்குப் போறேன். அங்கயும் தனியாத்தான் சாப்பிடணும். ஆனா காத்துக்கிட்டு இருக்க வேண்டியதில்ல."

கிரிகரி குனிந்து பூட்ஸைக் கழற்றினான். அவள் மேலே பேசவில்லை. பாக்தாத் ஆற்றங்கரையில், எதிரி சுடத் தொடங்குவதற்கு முன்னால் ஓர் அமைதி இருக்கும். அது இதைவிடச் சற்று இரைச்சலானது.

செவ்வாய்க்கிழமை அவன் ஒரு தந்திரம் செய்தான். ஐந்து மணி அடித்ததும் இருமினான்.

எல்லாத் தலைகளும் இன்னும் கீழே குனிந்தன. ஜெயராஜ் பயத்தில் இரண்டு பேனாக்களை எடுத்துக்கொண்டான்.

புதன்கிழமை, பொழுது சாய்ந்ததாவது உறைக்கட்டும் என்று ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தினான். கார்த்திகேசு விளக்கைப் போடச் சொன்னார்.

"பாத்தீரே? ராவேலைக்கு ஆயத்தம் செய்யச் சொல்லி உத்தரவு வந்திட்டுது."

வியாழக்கிழமை கிரிகரி மனதைத் திடப்படுத்திக்கொண்டு வாயைத் திறந்தான்.

"ஐயா, இன்னிக்கு எத்தனை மணி வரைக்கும் இருப்பீங்க?"

கார்த்திகேசு பேனாவை நிறுத்தினார். கேட்டேவிட்டான். பதில் நேராக மேல்மாடிக்குப் போகும். அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

"எட்டு மணி மட்டும் இருப்பம். கம்பெனிக்குத் தேவையெண்டால் ஒன்பது மணி மட்டும் இருப்பம்!"

கிரிகரியின் முகம் விழுந்தது. அதைக் கண்டு கார்த்திகேசுவின் முகமும் விழுந்தது. ஒன்பது போதாது போலிருக்கிறது.

வெள்ளிக்கிழமை காலை அவர் வீட்டிலிருந்து பனங்காய்ப் பணியாரம் ஒரு பொட்டலமும், சொந்தச் செலவில் ஒரு நாற்காலியும் கொண்டுவந்தார். "இரும், இரும், இருந்து சாப்பிடும்" என்று கெஞ்சினார். காவலில் இருக்கும்போது சாப்பிடுவதோ உட்காருவதோ கூடாது என்று கிரிகரி இரண்டையும் மறுத்துவிட்டான்.

"லஞ்சமும் வாங்கிறானில்லை" என்றார் கார்த்திகேசு. "நாங்கள் துலைஞ்சம்."

அன்று ஆறு மணிக்கு மாதா கோயில் மணி தூரத்தில் கேட்டது. கிரிகரி கண்ணை மூடிக்கொண்டான். விறைப்பை மட்டும் விடவில்லை.

கொஞ்ச நேரத்தில் வாசலில் ரிக்‌ஷா வந்து நின்றது. பிலோமினா தகரப் பெட்டியை இடுப்பில் ஏந்தியபடி உள்ளே வந்தாள்.

"இங்க பெரிய கிராணி யாரு?"

கார்த்திகேசு எழுந்தார். அந்த வாரத்தில் ஐந்து மணிக்கு மேல், காவல்காரன் வருவதற்கு முன், அவர் எழுந்தது அதுதான் முதல் தடவை.

"நான் ஸ்டேஷனுக்குப் போறேன். போறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு தெரியணும். எம் புருஷனை எப்பத்தான் வீட்டுக்கு விடுவீங்க?"

"நானோ? அம்மா, அவர் எப்ப போவார் எண்டு நாங்களெல்லோ காத்துக்கொண்டிருக்கிறம்!"

கிரிகரி முதல் தடவையாகக் காலண்டரை விட்டுப் பார்வையை இறக்கினான்.

"என்னங்கய்யா சொல்றீங்க?"

"நீர் துரையின்ர ஆள் அல்லோ?"

"நான் உங்க ஆளுங்கய்யா. நீங்க கலையச் சொல்லுவீங்கன்னுதான் நின்னுக்கிட்டிருக்கேன்."

ஜெயராஜ் பேனாவைக் கீழே வைத்தான். அதன் சத்தம்கூடக் கேட்டது. மை தோய்ந்த தன் விரல்களை ஒரு தரம் பார்த்துக்கொண்டான்.

"அப்ப சொல்லுங்க, ஐயா" என்றாள் பிலோமினா. "ஒரு வார்த்தை."

கார்த்திகேசு வாயைத் திறந்தார். மேலே பங்கா கீச்சென்றது. வாய் மூடிக்கொண்டது.

"துரை மேல இருக்கேக்க நான் எப்பிடியம்மா சொல்லுறது?"

"அப்ப அந்தத் துரைகிட்டயே கேக்கறேன்."

"ஐயோ, மேல போகாதையும்! மேல ஒருதரும் போறேல்லை!"

அவள் பெட்டியைக் கார்த்திகேசுவின் புது நாற்காலியில் வைத்துவிட்டுப் படியேறினாள். அவளைத் தடுக்கக் கார்த்திகேசு ஓடினார். அவருக்குத் துணையாக ஜெயராஜ் ஓடினான். அதிகாரியின் அறைக்குப் பெண்டாட்டி தனியாகப் போவதா என்று கிரிகரியும் வரிசை பிசகாமல் பின்னால் ஏறினான்.

கதவு வெறுமனே சாத்தியிருந்தது. பிலோமினா தள்ளினாள்.

கிரிகரி பூட்ஸை ஓங்கி மிதித்து சல்யூட் அடித்தான். அடித்த கை நெற்றியிலேயே நின்றுவிட்டது.

நாற்காலியில் யாரும் இல்லை. அதற்கு மேலே பங்கா போய்ப் போய் வந்துகொண்டிருந்தது. மேசையில் ஒரு காகிதம் மட்டும் காற்றில் எழுந்து எழுந்து படுத்தது.

பின் வராந்தாவில் கன்னையா, கயிற்றைக் கால் கட்டைவிரலில் கட்டிக்கொண்டு மல்லாந்து கிடந்தான். பூட்ஸ் சத்தம் கேட்டுத் தலையைத் தூக்கிப் பார்த்தான். கால் மட்டும் நிற்காமல் ஆடியது.

"துரை எங்க?" என்றார் கார்த்திகேசு. கன்னையாவிடம் அவர் பேசிய முதல் வார்த்தைகள் அவை.

"அவரு நாலு மணிக்கே பின்படி வழியா கிளப்புக்குப் போயிடுவாருங்களே! சண்டைக்குப் போகாம இங்கயே இருந்துட்டவராம், பட்டாளத்து அண்ணன் சல்யூட் அடிச்சா அவருக்கு உடம்பெல்லாம் கூசுதாம். 'நான் போனது தெரிஞ்சா பின்வாசலுக்கும் வந்து அடிப்பான், அவன் பூட்ஸ் சத்தம் வீட்டுக்குப் போற வரைக்கும் கயித்தை நிறுத்தாதே'ன்னு உத்தரவு. அக்கா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும், அண்ணனை வீட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போங்க. ஒரு வாரமா எனக்குக் கலையச் சொல்ல ஆளில்ல."