வேண்டாம் என்று எழுதிய பக்கம்

மதிப்புக்குரிய வனேட்டா பெரியம்மாவுக்கு,

டெஸ்ஸா எழுதுகிறேன். அம்மா, நான், தம்பி கோல்ட்டர் மூவரும் இருக்கிறோம். நலம் என்று எழுதினால் பொய். உங்கள் முழங்கால் வலி தேவலையா? இந்த வீட்டில் தாழ்ப்பாள் குளியலறைக்கு மட்டும்தான். அதனால் தண்ணீரில்லாத தொட்டிக்குள் உட்கார்ந்து எழுதுகிறேன்.

கோல்ட்டரின் குடல்வால் ஆபரேஷன் பில்லால் அம்மா திவால் மனு போட்டது உங்களுக்குத் தெரியும். வக்கீல் வைக்க வசதியில்லை. முதியோர் இல்லத்தில் இரண்டு ஷிப்ட் பாத்திரம் கழுவிவிட்டு வந்த அம்மா, "உன் கையெழுத்துதான்டி அழகு, நீயே நிரப்பு" என்று படிவத்தைத் தள்ளிவிட்டுத் தூங்கிப்போனாள். நாற்பத்தேழு பக்கம், டோஸ்டரைக்கூட விடாமல் எழுதினேன். ஒரு பக்கத்தில், கடன்காரர் கைக்குப் போகாமல் எதையெல்லாம் நீங்களே வைத்துக்கொள்ளக் கேட்கிறீர்கள் என்று இருந்தது. சர்ச்சில் இலவச மளிகை வரிசையில் "இது போதும்" என்பவர்களுக்குத்தான் மிஸஸ் ஹஃப்மேன் கூடுதலாக ஒரு டப்பா பீன்ஸ் வைப்பார். அதை நினைத்து, "எதுவும் வேண்டாம், நன்றி" என்று எழுதிவிட்டேன். அம்மா படிக்காமலே கையெழுத்துப் போட்டாள்.

செவ்வாயன்று விசாரணை. அம்மா ரிவர்ஸ் போகாத எங்கள் காரை நூலகத்தின் வாசலில் நிறுத்தி, அங்கே கிடைக்கும் இலவச வைஃபையில், போனை ஸ்டீயரிங்கில் சாய்த்து வைத்தாள். எங்கள் சொத்தைக் கடன்காரருக்குப் பிரித்துக் கொடுக்கும் ட்ரஸ்டி திரையில் வந்தார்.

"வரி ரீபண்டு எவ்வளவும்மா வரும்?"

"நாலாயிரத்து முந்நூறு டாலர் சார். கம்மிச் சம்பளக்காரங்களுக்குத் தர்ற சலுகை."

"அதை நம்ம மாநிலத்துல நீங்களே வச்சுக்கலாம். ஆனா நீங்க கேக்கவே இல்லையே. நன்றி வேற சொல்லியிருக்கீங்க. முப்பது வருஷத்துல எனக்கு யாருமே நன்றி சொன்னதில்ல."

"எங்க வீட்டுப் பழக்கம் சார்" என்றாள் அம்மா.

அந்தப் பணம் போனால் வாடகை பாக்கி நிற்கும். மார்ச் முதல் தேதி காலி செய்ய வேண்டும். எல்லாம் என்னால்தான். நீங்களும் ஒருமுறை திவால் ஆனவராம் (எனக்குத் தெரியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள்). எழுதிய பக்கத்தை மாற்ற முடியுமா? பதிலைப் பள்ளி முகவரிக்கு அனுப்புங்கள். அம்மாவுக்குத் தெரியவே கூடாது.

உங்கள் முழங்காலுக்கும் பூனைக்கும் என் பிரார்த்தனைகள்.

பணிவுடன்,
டெஸ்ஸா

பின்குறிப்பு: அம்மாவுக்கு அவசரமாம், கதவைத் தட்டினாள். தொட்டி விளிம்பில் உட்கார்ந்து இதை முழுவதும் படித்தாள். "மாத்தலாம்டி. கேஸ் முடியறவரைக்கும் மாத்தலாம். புதுப் பக்கம் மத்தியானமே வாங்கிட்டு வந்துட்டேன், ட்ரஸ்டி ஒத்துக்கறாரான்னு பாக்கலாம்" என்றாள்.

எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"உங்க பெரியம்மா படிவத்தை நிரப்புனது நான்தான். பத்தொன்பது வயசு எனக்கு. அந்தப் பக்கத்தை அப்படியே காலியா விட்டுட்டேன். மாத்தலாம்னு அப்பவே ஒருத்தர் சொன்னாரு. அவகிட்ட சொல்லப் பயந்துட்டேன். அவ வீடு கடன்காரங்களுக்குப் போயிடுச்சு."

ஊர் பிடிக்காமல்தான் நீங்கள் டிரெய்லர் வீட்டை விட்டுப் போனீர்கள் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன். இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடவா என்றேன். அம்மா பர்ஸிலிருந்து தபால்தலையை எடுத்து, நாக்கில் தொட்டு, அவளே ஒட்டினாள்.