ரசமட்டத்தார் வீட்டுத் தரை

மனிதர்களில் மட்டம் பார்க்கிறவர்கள் என்று ஓர் இனம் உண்டு. உங்கள் வீட்டுக்கும் வந்திருப்பார்கள். வாசலில் நின்று நீங்கள் "வாங்க, வாங்க" என்று வாய் நிறைய வரவேற்றுக்கொண்டிருக்கும்போதே அவர்கள் குனிந்து, ஒரு கண்ணை மூடி, மறு கண்ணால் உங்கள் சாப்பாட்டு மேசையின் விளிம்பை நீளவாக்கில் பார்த்து, உச்சுக் கொட்டி, "அரை நூல் சாய்வு" என்று தீர்ப்புச் சொல்வார்கள். நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. அரை நூல் அதில் பாதி. பத்து வருஷமாக அந்த மேசையில்தான் சாப்பிடுகிறீர்கள். ஒரு பருக்கைகூட உருண்டு ஓடியதில்லை. ஆனால் அன்றிலிருந்து சாப்பிட உட்காரும்போதெல்லாம் தட்டு உங்களை விட்டு நழுவுவதுபோல் ஒரு பிரமை. அவருக்கு என்ன? சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இந்த இனத்தில் கலப்படமே இல்லாத ஒருவரைக் காட்டுகிறேன். எடைக்கல்லையும் தராசையும் சோதிக்கும் அதிகாரியாக முப்பத்திரண்டு வருஷம் கடை கடையாக ஏறி இறங்கி ஓய்வு பெற்றவர். சட்டைப்பையில் மற்றவர்கள் பேனா வைக்கிற இடத்தில் அவர் ஒரு சாண் நீள ரசமட்டம் வைத்திருப்பார். கண்ணாடிக் குழலுக்குள் ஒரு குமிழி நீந்துமே, கொத்தனார்கள் சுவர்மேல் வைத்துப் பார்ப்பார்களே, அதேதான். அதனால் அவருக்குப் பெயரே ரசமட்டத்தார். பொருளை மட்டம் பார்க்கத்தான் அவருக்குக் கருவி வேண்டும். மனிதரை மட்டம் தட்ட வெறும் வாயே போதும். மருமகன் ஆசை ஆசையாகப் புதுக் கார் வாங்கி, மாமனார் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். ரசமட்டத்தார் வண்டியை மூன்று முறை சுற்றி வந்தார். "வண்டி நல்லாத்தான் இருக்கு மாப்பிள்ளை. நிறுத்தத்தான் தெரியல." அதற்குப் பிறகு மாப்பிள்ளை பஸ்ஸில்தான் வருகிறார்.

இப்பேர்ப்பட்டவருக்கு வாய்த்த வீடு எப்படிப்பட்டது தெரியுமா? மலைச்சரிவில், பாதி பாறைமேலும் பாதி கொட்டி நிரப்பிய மண்மேலுமாகக் கட்டிய வீடு. பாறை பாறையாக இருந்தது. மண் மண்ணாக நடந்துகொண்டது. நாற்பது வருஷத்தில் கூடத்தின் பள்ளத்துப் பக்கம் இரண்டரை அங்குலம் இறங்கிவிட்டது. உத்தியோகத்தில் இருந்தவரை ஊர் ஊராகச் சுற்றியவருக்கு இது கண்ணில் படவில்லை. அவர் மனைவியோ அந்தச் சாய்வோடு எப்போதோ சமாதானமாகிவிட்டார். பீரோவின் இரண்டு காலுக்கு மட்டும் கட்டை வைத்தார். வீட்டில் எது காணாமல் போனாலும் நேரே பள்ளத்து மூலைக்குப் போவார். உருண்ட உருளைக்கிழங்கு, மாத்திரை, மூக்குக்கண்ணாடி எல்லாம் அங்கே வந்து அவருக்காகக் காத்திருக்கும். பாறைப் பக்கம் நின்று ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டினால் போதும், கூடம் தன்னைத் தானே கழுவிக்கொள்ளும். அழுக்கு பின்வாசல் வழியாகப் போய்விடும்.

இந்த நிம்மதிக்கு ஒரு தொலைபேசி அழைப்பில் முடிவு வந்தது. பேசியது மகள்.

"அப்பா, பாப்பாக்கு ஒரு வயசு முடிஞ்சிருச்சு. புடிச்சுக்கிட்டு நல்லா நிக்கிறா, ஆனா ஒரு அடி எடுத்து வைக்க மாட்டேங்கறா. அங்க வந்துதான் நடப்பா போல. இந்த மாசம் மூணாவது ஞாயித்துக்கிழமை வர்றோம்."

ரசமட்டத்தார் போனை வைத்தார். இதே மகள் முதல் அடி எடுத்து வைத்த நாளில் அவர் எங்கோ ஒரு கடையில் தராசுத் தட்டைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் குறை நெஞ்சில் முள்ளாகவே தங்கிவிட்டது. பேத்தியின் முதல் அடியையாவது தன் கண்ணால், தன் வீட்டில் பார்த்துவிட வேண்டும். நியாயமான ஆசை, யார் குறை சொல்ல முடியும்? ஆனால் மட்டம் பார்க்கிறவர்களின் ஆசை நேர்வழியில் போய்ப் பழக்கமில்லை.

"சாஞ்ச தரையில நடக்கப் பழகினா பிள்ளை ஆயுசு பூரா சாஞ்சுதான் நடப்பா. தரையை மாத்தணும்" என்றார்.

"நம்ம பொண்ணும் இந்தத் தரையிலதானே நடந்து பழகினா? அவ என்ன கோணலாவா நடக்கறா?" என்றார் மனைவி.

ரசமட்டத்தார் நியாயமாக யோசித்துப் பார்த்தார். "கொஞ்சம்" என்றார்.

மறுநாளே மேஸ்திரி வந்தார். பழைய சிமெண்டுத் தரையைத் தேய்த்து, விரிசல்களை அடைத்து, மேலே புதுக்கலவை ஊற்றி, கடைசியாகப் பளபளவென்று ஒரு பூச்சும் பூசித் தருகிறவர். கூடத்தை ஒரு நடை நடந்து பார்த்துவிட்டு, பணிவாகத்தான் சொன்னார். "சார், மலைவீட்டுத் தரைக்குக் கொஞ்சம் வாட்டம் இருக்கறது நல்லது." தண்ணீர் ஓட விடுகிற சாய்வுக்கு அவர்கள் தொழிலில் வாட்டம் என்று பெயர்.

"என் வீட்டுல யாருக்கும் எந்த வாட்டமும் வேண்டாம். மட்டம்தான் வேணும்."

"எனக்கு ஏற்கெனவே இருக்கு" என்று சமையலறையிலிருந்து மனைவி சொன்னது இரண்டு பேர் காதிலும் விழவில்லை.

நாலு நாள் தேய்ப்பு வேலை. இயந்திரம் ஓடினால் ஜன்னல்களெல்லாம் கிடுகிடுக்கும். அந்தச் சத்தத்தையும் மீறி ரசமட்டத்தார் மேஸ்திரியை மட்டம் தட்டினார். "இது என்ன தேய்ப்பு மேஸ்திரி? பல்லு தேய்க்கிறவன்கூட இதைவிட அழுத்தித் தேய்ப்பான்." விரிசல் அடைத்தால் அதில் குறை, அடைத்ததைத் துடைத்தால் அதில் குறை, தும்மினால் தும்மிய திசையில் குறை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் மேஸ்திரி பாதியாகிப் போயிருந்தார். தயங்கித் தயங்கி, "நாளைக்கு என்ன சார் வேலை?" என்று கேட்டார்.

"நாளைக்கு நீங்க மூளையைக் கசக்கிக்கிட்டு வேற ஒண்ணும் பண்ண வேண்டாம். மட்டம் போடுங்க. அது போதும்."

மேஸ்திரியின் முகம் மலர்ந்தது. "நெசமாவா சார்?"

"நான் என்ன விளையாடறேனா? அரைகுறையா இல்லாம, முழுசா போடணும்."

"ஆளுங்களுக்கும் சேத்துதானே சார்?"

"எல்லாரும் சேந்து போட்டாத்தானே சரியா வரும்!"

மேஸ்திரி கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். தன்னிடம் வேலை செய்து இப்படி நன்றியோடு போன ஆளை ரசமட்டத்தார் அதுவரை கண்டதில்லை. "தட்டிக் கேட்டா மரியாதை தானா வருது பாத்தியா?" என்று மனைவியிடம் பெருமைப்பட்டுக்கொண்டார்.

சனிக்கிழமை ஒன்பது மணி ஆயிற்று. பத்து ஆயிற்று. ஒருவரையும் காணோம். போன் போட்டார்.

"நீங்கதானே சார் மட்டம் போடச் சொன்னீங்க? நாலு பேருமே போட்டுட்டோம். நான் சகலை வீட்டுக்கு வந்திருக்கேன். உங்க மாதிரி மனசு யாருக்கு வரும் சார்!"

தமிழில் தரைக்கும் மட்டம் போடலாம், வேலைக்கும் மட்டம் போடலாம். முப்பத்திரண்டு வருஷத்தில் ஒரு நாள்கூட வேலைக்கு மட்டம் போட்டறியாத மனிதருக்கு அந்த இன்னொரு அர்த்தம் தோன்றவே இல்லை, பாவம். பேத்தி வர எட்டே நாள். மேலே பூசும் பூச்சு நன்றாகக் காய அதில் ஐந்து நாள் போய்விடும். பொறுப்பாரா? வேட்டியை மடித்துக் கட்டினார்.

கலவை மூட்டைமேல் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது: 'ஊற்றினால் தானே மட்டமாகும்.' ரசமட்டத்தாருக்கு அது தன்னைக் குத்திக் காட்ட அச்சடித்ததுபோல் இருந்தது.

"அதான் தானா மட்டமாகும்னு போட்டிருக்கே. ஊத்திட்டு சும்மா இருங்களேன்" என்றார் மனைவி.

"நான் பாக்காம இந்த உலகத்துல எது மட்டமாயிருக்கு?"

கரைத்தார், ஊற்றினார். கலவை அதுபாட்டுக்குப் பரவி, பள்ளத்தை நிரப்பி, தட்டில் விட்ட பால்போல் சமமாகி நின்றது. யாரும் அதட்டவில்லை, யாரும் உச்சுக் கொட்டவில்லை. ஒரு பொருள் அவருடைய தயவு இல்லாமல் மட்டமாவதை அவரால் எப்படிப் பொறுக்க முடியும்? செருப்புக் காலோடு உள்ளே இறங்கினார். நடுக்கூடத்தில் ரசமட்டத்தை வைத்தார். குமிழி ஒரு மயிரிழை தள்ளி நின்றது. கலவையைக் கையால் இந்தப் பக்கம் தள்ளினார். அது திரும்பி வந்தது. அந்தப் பக்கம் தள்ளினார். அதுவும் திரும்பி வந்தது. மூட்டையின் அடியில் பொடி எழுத்தில் இன்னொரு வரியும் இருந்தது: 'அரை மணியில் இறுகும்.' கடைக்காரர்களின் பொடி எழுத்தையெல்லாம் பூதக்கண்ணாடி வைத்துப் படித்த மனிதர் இதைப் படிக்கவில்லை. முதலில் செருப்பு பிடிபட்டது. காலை உருவிக்கொண்டு தப்பிக் கரையேறியவர், ரசமட்டம் நினைவு வந்து திரும்பிப் பார்த்தார். அது தரையோடு தரையாகிவிட்டிருந்தது.

திங்கட்கிழமை வந்த மேஸ்திரி அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். சிரிக்காமல் இருந்ததற்கு அந்த மனிதருக்கு மாலையே போடலாம். "செருப்பை அறுத்து எடுத்துடலாம் சார். இதை எடுக்கணும்னா தரையை உடைக்கணும். உடைச்சா ஞாயித்துக்கிழமைக்குள்ள ஆகாது."

ரசமட்டமா, ஞாயிற்றுக்கிழமையா? வாழ்க்கையில் முதல் முறையாக ரசமட்டத்தார் மனிதர் பக்கம் சாய்ந்தார். "பூசிடுங்க" என்றார். நிறமில்லாத பூச்சு அதன்மேலேயே ஏறியது. கூடம் கண்ணாடியாக மின்னியது. நடுவில், பூச்சுக்கு அடியில், அந்தப் பச்சைக் குமிழி. இன்னும் ஒரு மயிரிழை தள்ளியே.

கால் வைக்கிற அளவுக்குப் பூச்சு காய்ந்த நாளிலிருந்து அவருக்குத் தூக்கம் போயிற்று. தரை சாய்ந்திருக்கிறதா, இல்லை, தரை சரியாக இருந்து ரசமட்டம்தான் சாய்ந்து புதைந்துவிட்டதா? வேறொரு ரசமட்டம் வாங்கிப் பார்க்கலாம்தான். அதை எதை வைத்துச் சரிபார்ப்பது? குப்புறப் படுத்துக்கொண்டு, மூக்கு தரையில் உரச, ஒரு கண்ணை மூடி மணிக்கணக்கில் குமிழியையே பார்த்தார். பின்கதவு புதுத்தரையில் இடித்துத் திறக்க மறுத்தது. கட்டை வைத்த பீரோ எதிர்ப்பக்கம் சாய்ந்தது. மனைவி மூக்குக்கண்ணாடியைத் தேடி வீடெல்லாம் தடவிக்கொண்டிருந்தார். ரசமட்டத்தார் எதையும் கவனிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தாள், மாப்பிள்ளை வந்தார், பாப்பா வந்தாள். பாப்பாவைச் சுவரோரம் பிடித்து நிறுத்தினார்கள். ரசமட்டத்தார் அப்போது நடுக்கூடத்தில் குப்புறப் படுத்து, கால் பக்கம் நின்ற குடும்பத்துக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். "இங்கேயிருந்து பாத்தா குமிழி நடுவுல இருக்கற மாதிரி இருக்கு மாப்பிள்ளை. தலையை இப்படித் திருப்பினா..."

பாப்பா மினுக்கும் குமிழியைப் பார்த்தாள். சுவரை விட்டாள். மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். மாப்பிள்ளை மூச்சுவிட மறந்தார். தாத்தாவின் பாதத்தைத் தாண்டி, முழங்காலைத் தாண்டி, இடுப்பைத் தாண்டி, ஏழு அடி நடந்து வந்து, தொப்பென்று உட்கார்ந்து, குமிழிமேல் உள்ளங்கையை வைத்தாள் பாப்பா.

"யாரது கையை வெச்சு மறைக்கிறது?" என்று அதட்டினார் ரசமட்டத்தார்.

கூடம் கைதட்டியது. அவர் தலை தூக்கினார். "என்ன? என்ன ஆச்சு?"

"நடந்துட்டாப்பா! ஏழு அடி! உங்க பக்கத்துலேயே வந்தாளே, பாக்கலையா?"

அவர் எழுந்து உட்கார்ந்தார். "பாப்பா, தாத்தாக்கு இன்னொரு தடவை நடந்து காட்டுடா செல்லம்" என்று கெஞ்சினார். பாப்பா குமிழியைச் சுரண்டிக்கொண்டே சிரித்தாள். முதல் அடியை இரண்டாம் தடவை வைக்க யாரால் முடியும்? அவர் கண் கலங்கிவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து, தணிந்த குரலில், "நேரா நடந்தாளா?" என்று கேட்டார். மனைவி குனிந்தார். அவர் கன்னத்தில் ஒட்டியிருந்த தூசியைத் துடைத்துவிட்டார்.

சிரிக்கிறீர்கள். "அசல் எங்க பெரியப்பாதான்!" என்று இதை யாருக்காவது படித்துக் காட்டவும் போகிறீர்கள். நன்றாகக் காட்டுங்கள். ஒன்றுமட்டும் கேட்டுக்கொள்கிறேன். அந்தக் குழந்தை நடந்து வந்தபோது, அவளைப் பார்க்காமல், 'ஒரு வயசுப் பிள்ளை எடுத்த எடுப்பிலேயே ஏழு அடி எப்படி நடக்கும்? இது காலடியா, அளவு அடியா?' என்று ஒரு கணம் நின்று கணக்குப் பார்த்தது யார்? பெரியப்பாவா?