குடிதண்ணீருக்கு வந்த அந்தரங்க நோய்

மஞ்சள் தாள் வைத்தியரைப் பார்க்க வந்த கூட்டத்தில் யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. அந்தரங்க நோய் பார்க்கும் இடமல்லவா? விசாரித்தால் எல்லாரும் ஒரு நண்பனுக்காக வந்தவர்கள். இத்தனை நண்பர்களுக்கு நோய் வந்தும், அவர்களில் ஒருவர்கூட அங்கே வராததுதான் அதிசயம்.

அதைவிடப் பெரிய அதிசயம் மேசைமேல் நடந்தது. வைத்தியர் தரும் குப்பியில் சிறுநீர் பிடித்துத் தர வேண்டும். அதில் மஞ்சள் தாளை நனைப்பார். தாள் சிவந்துபோகும். ஆய்வகத்துக்குத் தப்பிய கிருமி தன் தாளுக்குத் தப்பாது என்பார். முதல் நாளில் நோயில்லாத மனிதரை அந்தத் தாள் கண்டதே இல்லை. ஏழு வாரம் அவர் பொடியைக் கரைத்துக் கழுவிய பிறகுதான் மஞ்சளாகவே நிற்கும். அவ்வளவு கறாரான தாள்.

சலவைக்கூடத்தில் இயந்திரம் ஓட்டுபவர் ஒருவருக்கு ஐந்து மாதமாக எரிச்சல். மூன்று முறை பரிசோதனை செய்தார். மூன்றிலும் ஒன்றுமில்லை. வேறு யாராவது என்றால் சந்தோஷப்பட்டிருப்பார்கள். இவர் அழுதார். கல்யாணத்துக்கு முன் செய்த ஒரு தப்புக்குத் தண்டனை வந்தே தீரும் என்று தனக்குத் தானே தீர்ப்பு எழுதி வைத்திருந்தார். கிருமி இல்லை, ஆனால் வலி பொய்யில்லை, வேறு காரணம் தேடலாம் என்றார் பரிசோதித்த டாக்டரம்மா. எதைக் கொண்டு கழுவுகிறீர்கள் என்றும் கேட்டார். பச்சைத் தண்ணீர் என்று சொல்லிவிட்டு இவர் நேரே வைத்தியரிடம் ஓடினார்.

தாள் சிவந்தது. மனைவியின் குப்பியும் வேண்டும் என்றார் வைத்தியர். அது இன்னும் அதிகமாகச் சிவந்தது. வைத்தியர் பெருமூச்சு விட்டு, நோய் எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறதா என்றார்.

அன்று மாலையே கணவரின் அக்கா, தம்பி மனைவியின் பெட்டியைக் கூடத்தில் கொண்டுவந்து வைத்தாள். தம்பி தன் பழைய தப்பை விழுங்கிக்கொண்டு பெட்டிக்கு வழிவிட்டார். அந்தப் பெண்ணுக்கு நெஞ்சு வெந்தது. ஆனாலும் கண்ணுக்குள் அந்தத் தாளின் சிவப்பே நின்றது. அவளுக்கும் அதே சலவைக்கூடத்தில்தான் வேலை, கறை எடுக்கும் மேசையில். மஞ்சள்தூள் கறைமேல் சலவைச் சோடா பட்டால் இதே சிவப்புதான் வரும். கணவருக்கும் அது தெரியும். பயம் வந்தவனுக்குத் தொழில் மறந்துபோகும்.

"நான் போறேன் அண்ணி. அதுக்கு முன்னாடி நாளைக்கு என்கூட ஒரு தடவை வாங்க" என்றாள்.

வைத்தியரின் அலமாரியில் மேல்தட்டுக் குப்பிகள் புதியவர்களுக்கு, கீழ்த்தட்டு குணமானவர்களுக்கு. மறுநாள் அவள் தட்டுக்கு ஒன்றாக எடுத்தாள். மேசைமேல் வைத்தியர் குடிக்க வைத்திருந்த தண்ணீரை, கூட்டம் பார்க்க, இரண்டிலும் ஊற்றித் தாளை நனைத்தாள். மேல்தட்டுக் குப்பியில் தாள் சிவந்தது. கீழ்த்தட்டுக் குப்பியில் மஞ்சளாகவே இருந்தது.

"ஐயா, உங்க குடிதண்ணிக்கு யார்கிட்டேருந்து வந்துச்சு?"

பாவப்பட்ட கை தொட்டதால் தண்ணீர் கெட்டது என்றார் வைத்தியர். ஒரே கை தொட்ட இரண்டில் ஒன்று மட்டும் ஏன் கெட்டது என்று பின்வரிசையில் ஒருவர் கேட்டார். அண்ணி மேல்தட்டிலிருந்து வேறொரு குப்பியை எடுத்து உள்ளே விரல் விட்டாள். வெள்ளைச் சோடாப் பொடி ஒட்டிக்கொண்டு வந்தது. முதல் முறையாகக் கூட்டம் தலைநிமிர்ந்தது. வைத்தியர் தலைகுனிந்தார்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணி பெட்டியை இருந்த இடத்திலேயே கொண்டுபோய் வைத்தாள். கணவர் தன் பழைய தப்பையும் டாக்டரம்மா கேட்டதையும் சொல்லி அழுதார். பிறகு, "அப்போ எனக்கு ஏன் எரியுது?" என்றார்.

"டாக்டரம்மா கேட்டதை நானும் கேக்குறேன். எதைப் போட்டுக் கழுவுனீங்க?"

சலவைக்கூடத்தில் கறை எடுக்கும் கரைசல், தினம் இரண்டு வேளை என்றார். வைத்தியரிடம் போன பிறகு அவருடைய பொடியும் சேர்த்து. ஊரார் துணியை வெளுத்தவர் தன்னையும் துணியென்று நினைத்துவிட்டார்.

"கையுறை இல்லாம அதைத் தொட்டா நீங்கதானே எங்களைத் திட்டுவீங்க" என்றாள் மனைவி. ஐந்து மாதத்துக்குப் பிறகு இருவரும் சிரித்தார்கள்.

கழுவுவதை நிறுத்தியதும் பாதி எரிச்சல் போயிற்று. மீதிக்கு டாக்டரம்மா இன்னும் காரணம் தேடுகிறார். தேடுகிறேன் என்று உண்மை சொல்பவரை நாம் நம்ப மாட்டோம். எல்லாம் தெரியும் என்பவர் வாசலில் குப்பி ஏந்தி நிற்போம். நிற்பதுதான் நிற்கிறீர்கள், அந்தக் குப்பியில் முதலில் அவர் குடிக்கும் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள்.