பூசணிக்காய்க்குப் பதிலாக நின்றவன் எழுதுவது

கடத்தூர்,
மாசி, 1986

மதிப்புக்குரிய மச்சான் காளியப்பன் அவர்களுக்கு, உங்கள் தங்கை வீட்டுக்காரன் மாரப்பன் கைகூப்பி எழுதுவது. இங்கே நானும் காசியம்மாளும் மாடு கன்றுகளும் சுகம். தீர்த்தகிரீஸ்வரர் அருளால் அங்கேயும் ஒரு குறையும் இருக்காது. மகள் ராஜாமணி எப்படி இருக்கிறாள் என்று கேட்பீர்கள். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். உட்கார்ந்து படியுங்கள்.

பொங்கலுக்கு நீங்கள் வந்தபோது, என் மாட்டுத் தரகன் புத்தியில், சந்தையில் மாட்டுக்கு விலை பேசுவதுபோல், பெண் விஷயத்தையும் துண்டுக்குள் விரல் பிடித்தே நாம் பேசி முடித்தோம். ஓவிய ஆசிரியர் பயிற்சியில் பிள்ளை தடுமாறினால் படிப்பை நிறுத்திவிட்டு, வைகாசியில் உங்கள் மகன் குப்புராஜுக்குக் கட்டிவைப்பது என்று பேச்சு. "படிப்ப நிறுத்தமாட்டேன்" என்று அவள் முனகியதை நாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தடுமாறுவாள் என்பதில் நம் இரண்டு பேருக்கும் சந்தேகமே இல்லை. வீட்டுக்கு யாராவது வந்தால் கதவுக்குப் பின்னால் ஒளிகிற பெண், ஒரு வகுப்புப் பிள்ளைகள் முன்னால் எப்படி நிற்பாள்?

ஆரம்பமும் அப்படித்தான் இருந்தது. பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திப் பழக அனுப்பினார்கள். முதல் நாள் கரும்பலகையைப் பார்த்து நின்றவள், மணி அடிக்கும் வரை வகுப்புப் பக்கம் திரும்பவே இல்லையாம். மறுநாள் ஒரு காளையை வரைந்தாள். நடுக்கத்தில் வால் போட மறந்துவிட்டாள். பையன்கள் பெஞ்சைத் தட்டிச் சிரித்திருக்கிறார்கள். என்ன தோன்றியதோ, அதிகமாகச் சிரித்தவன் கையில் சாக்பீஸைக் கொடுத்து, "அப்ப நீயே வாலு போடு சாமி" என்றாளாம். அவன் போட்ட வால் தரையைப் பெருக்கியது. அதைத் திருத்த இன்னொருத்தன் எழுந்தான், அவனைத் திருத்த ஒரு பெண் எழுந்தாள். சத்தம் போன இடம் தெரியவில்லை. அதிலிருந்து வேண்டுமென்றே எதையாவது விட்டுவிட்டு வரைய ஆரம்பித்தாள்: காது இல்லாத முயல், கைப்பிடி இல்லாத வாளி. வீட்டிலும் மாட்டுக்கொட்டகைச் சுவரில், உடம்பை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டு, வாய் பேசப் பேசக் கை வரைகிற வித்தையைப் பழகினாள். எருமைகளைப் பார்த்து "இங்க கவனிங்க" என்றாள். அவையும் கவனித்தன மச்சான், நான் பார்த்தேன்.

இருந்தாலும் பெற்ற மனசு கேட்குமா? மேற்பார்வைக்கு ராணியம்மாள் என்ற பெரிய டீச்சர் வருகிற நாளில், பிள்ளை அழுதால் கையோடு கூட்டிவந்துவிடலாம் என்று முன்கூட்டியே பஸ் ஏறிப் போய்விட்டேன். வகுப்பில் ஆள் இல்லை. மேஜை மேல் அருமையான பூசணிக்காய் ஒன்று. சத்துணவுக் காயை யாரோ இடம் மாறி வைத்துவிட்டார்கள் என்று நினைத்து, நல்ல காரியம் செய்வதாக எண்ணி, அதைத் தூக்கிக்கொண்டுபோய்ச் சமையல்காரம்மாவிடம் கொடுத்தேன். அந்தம்மா புண்ணியவதி, நான் திரும்புவதற்குள் வெட்டிச் சாம்பாரில் போட்டுவிட்டார். பிள்ளைகள் பார்த்து வரைவதற்காக ராஜாமணி தேடிப்பிடித்து வாங்கி வைத்த காய் அது என்று எனக்கு எப்படித் தெரியும்?

ஜன்னலுக்கு வெளியே நின்று பார்க்கிறேன். ராணியம்மாள் பேனாவும் கையுமாகக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். ராஜாமணி காலி மேஜையைப் பார்த்தாள். சுற்றிலும் பார்த்தாள். ஜன்னலில் என்னைப் பார்த்தாள். "அப்பா, உள்ள வாங்க" என்றாள். அப்படி ஒரு குரல் நம் வீட்டில் அதுவரை கேட்டதில்லை மச்சான். கால் தானாகப் போய்விட்டது. "இன்னைக்கிப் பூசணிக்கா இல்ல. இவரு நிக்கறாரு, இவரப் பாத்து வரைங்க" என்று என்னை மேஜைப் பக்கத்தில் நிறுத்திவிட்டாள்.

பென்சிலை நீட்டிப் பிடித்து ஒரு கண்ணை மூடி அளவெடுக்கச் சொன்னாள். வகுப்பு முழுக்க ஒற்றைக் கண்ணால் என்னை அளந்தது. சந்தையில் எத்தனை மாட்டுக்குச் சுழி பார்த்திருப்பேன், பல் பிடித்துப் பார்த்திருப்பேன்! ஒரு குட்டிப்பெண் எழுந்து, "டீச்சர், இவருக்குப் பல்லு தெரியலீங்க" என்றது. "கொஞ்சம் வாயத் தொறங்கப்பா" என்றாள் என் மகள். திறந்தேன். அப்படியே நின்றபடி அவளைப் பார்த்தேன். பெஞ்சு பெஞ்சாகப் போகிறாள், குனிகிறாள், "காது இன்னும் கீழ இறங்கணும், நீயே பாரு" என்கிறாள். எங்கேயும் அவசரமில்லை, பயமில்லை. நான் பெற்ற பிள்ளையா இது என்று மலைத்துப்போனேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வாய் திறந்திருந்ததால் துடைக்கவும் வழியில்லை. போகும்போது ராணியம்மாள், "இந்தப் பொண்ணுக்கு நான் சொல்லித்தர ஒண்ணுமில்லீங்க" என்றார்.

ஆகையால் மச்சான், நான் கொடுத்த வாக்கைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். கோபித்தாலும் சரி, பேச்சுவார்த்தை நின்றாலும் சரி, இப்படிப்பட்ட பிள்ளையின் படிப்பை நிறுத்த எனக்கு மனசு வராது. குப்புராஜுக்கு நல்ல இடமாக வேறு பெண் பாருங்கள்.

அக்காவுக்கு என் வணக்கம். மாப்பிள்ளைப் பையனுக்கு, இனி அப்படிக் கூப்பிடக் கூடாதோ என்னவோ, என் ஆசி.

இப்படிக்கு,
மாரப்பன்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் ராஜாமணி வாங்கிப் படித்துவிட்டாள். "மாமா மகன் வேண்டாம்னு நான் எப்பப்பா சொன்னேன்? படிப்ப நிறுத்தமாட்டேன்னுதான சொன்னேன்" என்கிறாள். பயிற்சி முடிந்து வேலைக்குப் போகும் வரை காத்திருக்கச் சொல்லிக் குப்புராஜிடம் அவளே பேசிவிட்டாளாம். அவரும் சரி என்றுவிட்டாராம். ஆகவே வேறு பெண் பார்க்க வேண்டாம், மேலே எழுதியதைப் படிக்காததுபோல் வைத்துக்கொள்ளவும். கல்யாணத் தேதியையும் அவளே சொல்வாளாம். "அப்ப நானும் உங்க மாமனும் எதுக்கும்மா?" என்று கேட்டேன். "பந்தியில பரிமாற ஆள் வேணுமில்லீங்களாப்பா" என்கிறாள்.