குரங்குக் குல்லாவும் மாமனாரின் கடைசி வியாழனும்

கல்யாணமான புதிதில் மாமனார் வீட்டாரிடம் பீற்றிக்கொள்ளாத ஆண்பிள்ளையை நான் இதுவரை பார்த்ததில்லை. சிலர் சம்பளத்தைக் கூட்டிச் சொல்வார்கள். சிலர், ஆபீசரே தங்களைக் கேட்டுத்தான் கையெழுத்துப் போடுவதாகச் சொல்வார்கள். நான் சொன்னது, டெல்லி எனக்குத் தண்ணிபட்ட பாடு என்று. அப்போது லக்ஷ்மிபாய் நகரில் ஒரு அரசாங்கக் குவார்ட்டர்ஸில் அறை ஒன்றை உள்வாடகைக்கு எடுத்து, நானும் மல்லிகாவும் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தோம். எனக்குத் தெரிந்த டெல்லி என்பது, என் ஆபீஸ் பஸ்ஸின் ஜன்னலில் தெரிந்த டெல்லி மட்டும்தான். (அதிலும் பாதி நாள் உட்கார இடம் கிடைக்காது.)

எழுபதுகளின் கடைசியில் ஒரு மார்கழியில், கோபிச்செட்டிப்பாளையத்திலிருந்து என் மாமனாரும் மாமியாரும் வடநாட்டு டூர் பஸ்ஸில் கிளம்பி வந்தார்கள். அந்தக் காலத்து டூர் பஸ் என்றால் ஓடுகிற வீடு. கடைசி வரிசை சீட்டுகளைக் கழற்றிவிட்டு அங்கே மண்ணெண்ணெய் ஸ்டவ், அரிசி மூட்டை, ஊறுகாய் ஜாடி, ஒரு சமையற்காரர். கூரைமேல் அண்டா குண்டா. ராத்திரியானால் சீட்டை மடித்து அதிலேயே படுக்கை. காசியில் நனைத்த வேட்டி ஆக்ராவில் காயும். ஆண்கள் முன்பக்கம் உட்காருவார்கள். பெண்கள் ஸ்டவ் பக்கம் உட்கார்ந்து காய் நறுக்கியபடியே தாஜ்மகாலைப் பார்ப்பார்கள்.

மாமனார் அப்போது ஒரு விரதத்தில் இருந்தார். என் கொழுந்தியாளுக்கு நல்ல வரன் அமையவேண்டும் என்று பழனி முருகனிடம் வேண்டிக்கொண்டு, ஒரு வருஷத்துக்கு வியாழக்கிழமைதோறும் மௌனம். நடுவில் ஒரு சொல் வாயிலிருந்து வந்துவிட்டாலும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கவேண்டும். பஸ் டெல்லி வந்து சேர்ந்தது ஒரு வியாழக்கிழமை. அதுதான் கடைசி வியாழன். சாயந்திரம் விளக்கு வைக்கிறவரை தாக்குப்பிடித்துவிட்டால் வேண்டுதல் முடிந்தது. மாமியார் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இன்னிக்கு ஒருநாளு மாமனைப் பத்திரமாப் பாத்துக்குங்க மாப்ளே" என்று சொன்னார். நான் லேசாகச் சிரித்தேன். டெல்லியையே பார்த்துக்கொள்கிறவனுக்கு ஒரு மாமனார் பெரிய விஷயமா?

அன்று மல்லிகாவும் நானும் அதே பஸ்ஸில் ஏறிக்கொண்டோம். வழிகாட்டி நான்தான். நானே வலியப் போய் வாங்கிக்கொண்ட பதவி. அதோடு, டெல்லிக் குளிர் உங்களுக்குத் தாங்காது என்று சொல்லி, பஸ்ஸிலிருந்த ஆண்கள் அத்தனை பேருக்கும் சரோஜினி நகர் கடைத்தெருவிலிருந்து குரங்குக் குல்லா வாங்கி வைத்திருந்தேன். எல்லாம் ஒரே காபிக் கலர்; அந்த வருஷம் டெல்லியில் பாதித் தலைகளில் அதே குல்லாதான். மாட்டிக்கொண்டால் இரண்டு கண்ணும் மூக்கு நுனியும்தான் வெளியே தெரியும். என் மாமனாருக்கு மாவட்டமே மெச்சுகிற மீசை ஒன்று உண்டு. அதுவும் உள்ளே போய்விட்டது.

செங்கோட்டையைப் பார்த்துவிட்டு வெளியே வந்தோம். பஸ்ஸை எங்கோ தள்ளி நிறுத்தியிருந்தார்கள். ஒரு வேப்ப மரத்தடியைக் காட்டி, "இங்கயே நில்லுங்க மாமா, நகரவே கூடாது" என்று சொல்லி அவரை மட்டும் பத்திரமாக நிறுத்திவிட்டு, மற்றவர்களோடு நான் பஸ்ஸைத் தேடப் போனேன். கண்டுபிடித்து அவர்களை ஏற்றிவிட்டு ஓடி வந்தேன். மரத்துக்குக் கொஞ்சம் இந்தப்பக்கம், காபிக் கலர் குல்லாவும் வெள்ளை வேட்டியும் சால்வையுமாக நின்றுகொண்டிருந்தார். அட, நகராதீர்கள் என்றால் நகர்ந்திருக்கிறாரே என்று நினைத்தபடி கையைப் பிடித்து அழைத்துவந்து பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார வைத்தேன். டூர் மேனேஜர் தலைகளை எண்ணினார். கணக்குச் சரியாக இருந்தது. பஸ் புறப்பட்டது.

வழியெல்லாம் நான் பேசிக்கொண்டே வந்தேன். இது அந்த மந்திரி வீடு, அது இந்த மந்திரி வீடு. (எல்லாம் அந்த நிமிஷத்தில் நானே ஒதுக்கீடு செய்தது.) அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். காலையில் இவ்வளவு ஆட்டவில்லை. கடைசியில் மாமனார் மனசில் இடம் பிடித்துவிட்டோம் என்று எனக்குப் பெருமிதம் தாங்கவில்லை.

மோதி பாக் தாண்டி ஒரு மைதானத்தின் ஓரம் சாப்பாட்டுக்கு நிறுத்தினோம். மாமியார் புளிசாதத் தட்டோடு வந்தார். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் சாப்பிடுவதற்காகக் குல்லாவைக் கழற்றினார். மீசை இல்லை. மாமியார் தட்டை நீட்டியபடியே நின்றார்.

"இது ஆருங்க மாப்ளே?"

விசாரித்தேன். அந்தப் பெரியவர் மதுரைப் பக்கத்து டூர் பஸ் ஒன்றில் வந்தவர். காலையில் டீ வாங்கித் தராததால் மகனோடு சண்டை. அவனோடு பேசுவதில்லை என்று கோபித்துக்கொண்டு தனியாக நின்றிருக்கிறார். ஏன் சாமி என்னோடு வந்தீர்கள் என்று கேட்டேன். அவர் நிதானமாகச் சொன்னார்: "எம் மகென் ஒருநாகூட இப்பிடி மரியாதையாக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனதில்லங்க. அதான் வந்துட்டேன்." சொல்லிவிட்டு மாமியார் கையிலிருந்த தட்டை வாங்கிக்கொண்டார்.

மல்லிகா அழ ஆரம்பித்தாள். மாமியார் அழவில்லை, அது இன்னும் பயமாக இருந்தது. என் மாமனாருக்கு இந்தி தெரியாது. அன்றைக்கு வியாழக்கிழமை என்பதால் தமிழும் தெரியாது. பேர் கேட்டால் சொல்லமாட்டார், ஊர் கேட்டால் சொல்லமாட்டார். போலீஸ் பிடித்துப்போய் உட்கார வைத்தாலும் முருகனை நினைத்துக்கொண்டு வாயை மூடியிருப்பார். பேசினால் கொழுந்தியாள் கல்யாணம் போச்சு, பேசாவிட்டால் மாமனாரே போச்சு. பாதிச் சாப்பாட்டில் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு பஸ்ஸைத் திருப்பினோம்.

டிரைவர் என்னைப் பார்த்து வழி கேட்டார். எனக்கோ என் ஆபீஸ் பஸ் போகிற வழியைத் தவிர வேறு எதுவும் தெரியாது. அதையே சொன்னேன். டெல்லியின் அத்தனை ரவுண்டானாக்களையும் சுற்றினோம்; ஒன்றை இரண்டு தடவை சுற்றினோம். பின்னால் அண்டாக்கள் உருண்டன. இன்னும் எவ்வளவு தூரம் என்று மாமியார் ஒரே ஒரு முறை கேட்டார். இதோ வந்துவிட்டது என்றேன். அப்போது கண்ணெதிரே தெரிந்தது என் ஆபீஸ். என் வாழ்நாளில் அந்தக் கட்டடத்தை அவ்வளவு வெறுத்ததில்லை. கடைசியில் யாரோ ஒரு ஆட்டோக்காரர் இரக்கப்பட்டு முன்னால் போய் வழிகாட்டினார்.

செங்கோட்டை வாசலில் மதுரைக்காரரின் மகன் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தான். அப்பாவைப் பார்த்ததும் கட்டிக்கொண்டு அழுதான். பிறகு என்னை அடிக்க வந்தான். பெரியவர் அவனைத் தடுத்து, முதலில் டீ வாங்கிக்கொண்டு வரச்சொன்னார். நான் நிற்காமல் மரத்தடிக்கு ஓடினேன்.

மரத்தடியில் ஒரே கூட்டம். எனக்கு உயிரே போய்விட்டது. ஏதோ ஆகிவிட்டது, அதுதான் ஆட்கள் கூடியிருக்கிறார்கள் என்றே நினைத்தேன். அப்போது கூட்டத்தின் ஓரத்தில் காபிக் கலர் குல்லா ஒன்று கண்ணில் பட்டது. பாய்ந்துபோய் கையைப் பிடித்தேன். மன்னிச்சுக்குங்க மாமா, மன்னிச்சுக்குங்க மாமா என்று பிதற்றியபடி தரதரவென்று பஸ் பக்கம் இழுத்துக்கொண்டு போனேன். அந்த மனிதர் "அரே பையா, அரே பையா" என்று கத்திக்கொண்டே வந்தார். மாமா எப்போது இந்தி கற்றுக்கொண்டார் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை.

அப்போதுதான் முதுகுக்குப் பின்னால், கூட்டத்தின் நடுவிலிருந்து அந்தக் குரல் வந்தது.

"மாப்ளே, நா இங்க இருக்கறனுங்க."

திரும்பிப் பார்த்தேன். நான் நிற்கச் சொன்ன அதே இடத்தில், ஒரு அடிகூட நகராமல் மாமனார் நின்றுகொண்டிருந்தார். கழுத்தில் சாமந்தி மாலை. காலடியில் ஆரஞ்சுப் பழமும் வேர்க்கடலையும். போலீஸ்காரர் வந்து கேட்டிருக்கிறார், பதில் இல்லை. பெரிய அதிகாரி வந்து அதட்டியிருக்கிறார், பதில் இல்லை. யாரோ மௌனி பாபா என்று சொல்ல, டெல்லி ஜனங்கள் காலில் விழ ஆரம்பித்துவிட்டார்கள். அத்தனைக்கும் அசையாத மனுஷர், மாப்பிள்ளை இரண்டாவது தடவையும் வேறு ஆளை இழுத்துக்கொண்டு போவதைப் பார்த்ததும் தாங்கமாட்டாமல் வாயைத் திறந்துவிட்டார். விளக்கு வைக்க இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது.

மறுபடி முதல் வியாழனிலிருந்து ஆரம்பித்தார். அவர் என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. ஆனால் அந்த ஒரு வருஷமும் ஒவ்வொரு வியாழக்கிழமையும் கோபியில் என் பேர் அடிபட்டிருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அந்த இரண்டாவது சுற்றின் நடுவில்தான் கொழுந்தியாளுக்கு வரன் வந்தது. தங்கமான பையன். கல்யாணத்தில் மாமனார் தாரைவார்க்கப் போகும்போது என்னைத் தாண்டிப் போனவர், நின்று, என் காதருகே குனிந்து, "மாப்ளே, நா இங்க இருக்கறனுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யார் எங்கே புறப்பட்டாலும் பஸ்ஸில் ஏறியதும் என்னிடம் சொல்லவேண்டிய வாக்கியம் அதுதான். பேரக்குழந்தைகள்கூடச் சொல்கிறார்கள்.

என் சகலை மட்டும் இன்றுவரை என்னைக் கேலி செய்ததில்லை. முதல் சுற்று ஒழுங்காக முடிந்திருந்தால் வேறு எவனோ மாப்பிள்ளையாகியிருப்பான் என்பது அவன் கணக்கு. அந்த நன்றிக்காகத் தீபாவளிக்குத் தீபாவளி எனக்கு ஒரு காபிக் கலர் குரங்குக் குல்லா வாங்கி அனுப்புகிறான்.