புரட்டாசிச் சனிக்கிழமை வாத்து

வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் நான் கையும் களவுமாகப் பிடிபட்டிருக்கிறேன். அந்த நேரம் பார்த்து வாய் நிறைய இருந்ததால், மறுத்துப் பேசவும் வழியில்லாமல் போய்விட்டது.

அறுபதுகளின் தொடக்கம். எனக்கு வயது இருபத்து மூன்று. ஆசிரியைப் பயிற்சி முடிந்த கையோடு கல்யாணமும் முடிந்து, ஜாலான் புசார் என்ற சாலையில் ஒரு கடைவீட்டுக்கு மருமகளாக வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. முன்பாதியில் இரும்புச் சாமான் கடை. பின்பாதியில் நான், என் கணவர், என் மாமியார் (அத்தை என்றுதான் கூப்பிடுவேன்) மூன்று பேர். அடுப்படிக் கதவைத் திறந்தால் பின் சந்து.

கணவர் நல்லவர். அத்தையும் நல்லவர். ஒரே ஒரு குறை, இருவரும் சுத்த சைவம். நான் பிறந்து வளர்ந்தது உட்லண்ட்ஸ் பக்கத்துக் கம்பத்தில், அதாவது கிராமத்தில். எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்றால் ஆட்டுக்கறி. மற்ற ஆறு நாளும் ஞாயிற்றுக்கிழமைக்கான காத்திருப்பு.

கோவிலில் என்னைப் பார்த்துப் பிடித்துப்போய் சம்பந்தம் பேசி வந்தவரே அத்தைதான். விஷயம் தெரிந்ததும் கணவரின் பெரியப்பா குறுக்கே நின்றார். குடும்பத்தில் அவர் வைத்ததுதான் சட்டம். நிச்சயத்துக்கு வந்த இடத்தில், எங்கள் வீட்டுக் காப்பியைக் குடித்துக்கொண்டே, "கறி தின்ன நாக்கு சும்மா இருக்காதும்மா. இன்னிக்கு இல்லேன்னா நாளைக்கு அடுப்படிக்குள்ள கொண்டாந்துரும்" என்றார்.

நான் அவர் முன்னால் வந்து நின்று, "இனிமே தொட மாட்டேன்" என்றேன். (அன்று மத்தியானம்தான் மூன்று துண்டு கறி சாப்பிட்டிருந்தேன். வயிறு நிறைந்திருக்கும்போது எந்தச் சத்தியமும் சுலபம்.)

"கேட்டுக்கிட்டீங்களா? அவ சொன்னா சொன்னதுதான். என் அடுப்படிக்கு நான் பொறுப்பு" என்றார் அத்தை. அந்த ஒரு வார்த்தையில்தான் என் கல்யாணம் நடந்தது. எனக்காக அவர் தன் மானத்தையே பணயம் வைத்திருக்கிறார் என்பது எனக்கு நன்றாகவே தெரியும்.

முதல் மாதம் சமாளித்தேன். இரண்டாம் மாதம் கனவில் எலும்பு வந்தது. மூன்றாம் மாதத்திலிருந்து, பள்ளி விட்டு சிராங்கூன் சாலை வழியாக நடந்து வரும்போது ஒரு பிரியாணிக் கடை வாசலில் மட்டும் தினமும் என் செருப்புக்குள் கல் புகுந்துகொண்டது. அதை எடுக்க ஐந்து நிமிடம் ஆகும். மூச்சை நன்றாக இழுத்து விட்டுக்கொண்டுதானே எடுக்க வேண்டும்?

இந்த நிலைமையில்தான் மிஸ் லிம் என் வாழ்க்கையில் விளையாடினார். எங்கள் பள்ளியில் அவர் சீன வகுப்பு ஆசிரியை. ஒருநாள் ஆசிரியர் அறையில் அவர் டிபன் டப்பாவைத் திறந்தார். கறுஞ்சிவப்பாக, குழம்பில் பளபளவென்று துண்டு துண்டாக ஏதோ இருந்தது. நான் பார்த்த பார்வையில் அவருக்கே பயம் வந்திருக்கும்.

"இது இறைச்சி இல்ல. கோதுமை மாவைக் கழுவிக் கழுவி எடுக்கறது. சீன மாசத்துல முதல் நாளும் பதினஞ்சாம் நாளும் எங்கம்மா இதைத்தான் சாப்பிடுவாங்க. டின்ல விக்குது. சைவம் லா" என்றார். (அவர் பேசியது ஆங்கிலம். அந்த 'லா' மட்டும் அசல்.)

சைவம். ஆனால் மெல்லலாம். அன்று மாலையே பள்ளிக்குப் பக்கத்துச் சீன மளிகைக் கடையில் ஒரு டின் வாங்கிவிட்டேன். லேபிளில் ஒரு கொழுத்த வாத்து கம்பீரமாக நின்றுகொண்டிருந்தது. அதன் காலடியில் சீன எழுத்துகள். அவற்றுக்கும் கீழே, சைவ உணவு என்று பொடி ஆங்கில எழுத்தில். கடை முதலாளியிடம் மலாயில் இரண்டு தடவை கேட்டேன். அவர் இரண்டு தடவையும் தலையாட்டினார்.

புத்தியுள்ள ஒருத்தி என்ன செய்திருப்பாள்? நேரே மாமியாரிடம் கொண்டுபோய்க் காட்டி, "அத்தை, படம்தான் வாத்து, உள்ளே கோதுமை" என்று சொல்லியிருப்பாள். நான் படித்தவள், ஆகவே வேறு மாதிரி யோசித்தேன். அத்தைக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் வாத்து தெரியும். மறுநாள் பள்ளிக் குளியலறையில் டின்னைத் தண்ணீரில் ஊறவைத்து, லேபிளை உரித்து, ஒட்டிக்கொண்டிருந்ததை நகத்தால் சுரண்டி, எல்லாவற்றையும் கழிப்பறையில் போட்டுச் சங்கிலியை இழுத்தேன். அது சைவம் என்பதற்கு இந்த உலகத்தில் எனக்கிருந்த ஒரே அத்தாட்சி அப்படியே சுழன்று போனது. மொட்டை டின்னோடு வெற்றிப் பெருமிதத்துடன் வீட்டுக்கு வந்தேன்.

புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை பெருமாளுக்குப் படையல். பெரியப்பாவும் பெரியம்மாவும் சாப்பிட வருகிறார்கள். அன்றைக்குத்தான் அத்தை முதல்முறையாக அடுப்படியை முழுதாக என்னிடம் ஒப்படைத்தார். "நீயே பண்ணு. அவரு சாப்பிட்டுப் பாக்கட்டும்" என்றார்.

என் திட்டம் இதுதான்: சாம்பார், ரசம், அவியல், வடை, சர்க்கரைப் பொங்கலோடு இந்தக் கோதுமையை மிளகு போட்டுப் பிரட்டி ஒரு ஓரமாக வைப்பது. பெரியப்பா ருசித்துவிட்டு, இது என்னம்மா இவ்வளவு நன்றாக இருக்கிறது என்பார். அவரே ஒப்புக்கொண்ட பதார்த்தத்தைப் பிறகு வாரம் ஒருமுறை நான் ஆயுசு முழுக்கச் சாப்பிடலாம். பெருமாளுக்கும் என் மேல் வருத்தம் இருக்காது.

பதினோரு மணிக்கு மற்ற எல்லாம் தயார். கூடத்தில் பெரியப்பா அரசியல் பேசிக்கொண்டிருந்தார். என் கணவர் எல்லாவற்றுக்கும் ஆமாம் போட்டுக்கொண்டிருந்தார். அத்தை சாமிப் படத்துக்குத் துளசி மாலை சாத்திக்கொண்டிருந்தார். நான் அரிசி டின்னுக்குப் பின்னாலிருந்து மொட்டை டின்னை எடுத்து, மூடியை வெட்டி, ஒரு கிண்ணத்தில் கவிழ்த்தேன்.

கவிழ்த்துவிட்டு இரண்டடி பின்னால் போனேன்.

கிண்ணத்தில் தோல் கிடந்தது. மடிப்பு மடிப்பாக, எண்ணெய் மினுக்கத்தோடு, உரித்த பறவையின் தோல். அதில் வரிசை வரிசையாகப் புள்ளிகள். இறகு பிடுங்கிய இடத்தில் இருக்குமே, அதே புள்ளிகள். எங்கள் கம்பத்து வீட்டில் நானே எத்தனையோ கோழிக்கு இறகு பிடுங்கியிருக்கிறேன், எனக்குத் தெரியாதா? கோதுமைக்கு எங்கிருந்து புல்லரிக்கும்?

கடைக்காரர் டின்னை மாற்றிக் கொடுத்துவிட்டாரா? மிஸ் லிம் விளையாடினாரா? புரட்டாசிச் சனிக்கிழமை, பெருமாளுக்குப் பத்தடி தூரத்தில், வாத்து. லேபிளைப் பார்த்துக்கொள்ளலாம் என்றால் அது இந்நேரம் கடலுக்கே போயிருக்கும்.

உடனே பின் சந்தில் வீசியிருக்கலாம். ஆனால் ஒருவேளை கோதுமையாக இருந்தால்? சந்தேகத்தை வைத்துக்கொண்டு ஓர் உணவுப் பொருளை வீணாக்குவது பாவம். முகர்ந்து பார்த்தேன். சோயாவும் பட்டையும் மணத்தன. முடிவுக்கு வர முடியவில்லை. ஒரு சின்னத் துண்டை நுனிப் பல்லில் கடித்துப் பார்த்தேன். சத்தியமாக இறைச்சி. இறைச்சியேதான். எட்டு மாதம் காத்துக் கிடந்த என் பல்லுக்கு இதுகூடத் தெரியாமல் போகுமா? சத்தியம் உடைந்துவிட்டது என்ற துக்கத்தில், உறுதிப்படுத்திக்கொள்ள இன்னொரு துண்டு சாப்பிட்டேன். மூன்றாவது துண்டை எதற்காக எடுத்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அது கொஞ்சம் பெரிய துண்டு.

"என்னது அது?"

வாசலில் அத்தை நின்றுகொண்டிருந்தார். கையில் மிச்சத் துளசி.

சாமிக்குப் படைக்கும் முன் சாப்பிட்டது ஒரு குற்றம். சாப்பிட்டது என்ன என்பது இன்னொரு குற்றம். வாய் நிறைய வைத்துக்கொண்டு, "சைவம் அத்தை" என்றேன். அது எனக்கே நம்பும்படி இல்லை.

அத்தை கிண்ணத்தைப் பார்த்தார். புள்ளிகளைப் பார்த்தார். பிறகு திரும்பி, அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடுவிலிருந்த கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார். அவர் கத்தியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

"அவருக்கு நான்தான் பொறுப்புன்னு சொன்னேன்" என்றார், மெல்ல.

"சீனங்க சாப்பிடற கோதுமை அத்தை. மிஸ் லிம் சொன்னாங்க."

"கோதுமைக்கு இறகு முளைக்குமா?"

நானும் அதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன். அத்தை இடுக்கியால் கிண்ணத்தைப் பிடித்துத் தூக்கி, பின்கதவைத் திறந்து, சந்தில் வைத்தார். அந்த நேரம் பார்த்துத்தான் பெரியப்பா கால் கழுவ வெளிப்பக்கமாகச் சுற்றிக் குழாயடிக்கு வந்துசேர்ந்தார்.

"என்னத்தம்மா வெளிய வைக்கிற?"

"பூனைக்குச் சோறு" என்றார் அத்தை. பொய்யே சொல்லாத வாய் அது. என்னால் ஒரு பொய் சொன்னது. நல்ல வேளை, பெரியப்பா கண்ணாடியைக் கூடத்தில் வைத்துவிட்டு வந்திருந்தார். அது இல்லாமல் அவருக்குப் பத்தடிக்கு அப்பால் எல்லாமே சோறுதான்.

பூனையும் வந்தது. இரும்புக் கடைச் சாம்பல் பூனை. அந்தக் கடை வரிசையில் அது திருடாத மீன் கிடையாது. மூடிய சட்டியைத் திறக்கத் தெரிந்த பூனை. கிண்ணத்தைக் கண்டதும் வாலைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். இது மட்டும் ஒரு துண்டை வாயில் கவ்வி இழுத்துக்கொண்டு பெரியப்பா காலடி வழியாக ஓடினால், அன்று சாயங்காலமே நான் உட்லண்ட்ஸ் பேருந்தில்தான்.

கண்ணைத் திறந்தபோது பூனை முகர்ந்துகொண்டிருந்தது. ஒரு காலால் தொட்டுப் பார்த்தது. காலை உதறியது. பிறகு எங்களை ஏமாற்றுக்காரர்களைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு, குப்பைத் தொட்டியில் ஏறி ஒரு காய்ந்த நெத்திலித் தலையைப் பொறுக்கிக்கொண்டு போய்விட்டது.

"பூனையையும் சைவமா மாத்திட்டியா?" என்று சிரித்துக்கொண்டே பெரியப்பா உள்ளே போனார்.

அத்தை பூனை போன திசையைப் பார்த்தார். கிண்ணத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "போயி வாயைக் கொப்புளிச்சிட்டு இலையப் போடு" என்றார்.

படையல் நடந்தது. பெரியப்பா மூன்று தடவை ரசம் வாங்கிக் குடித்தார். "பொண்ணு தேறிட்டா" என்று அத்தையிடம் சொல்லிவிட்டுப் போனார். அத்தை தலையாட்டினார். எனக்கு ஒரு வாய் சோறுகூட இறங்கவில்லை.

அவர்கள் போனபிறகு அத்தை என்னை எதிரே உட்காரவைத்தார்.

"டின்னுல பேப்பர் ஒட்டியிருக்குமே, எங்க?"

"கிழிச்சிட்டேன்."

"ஏன்?"

"வாத்து படம் போட்டிருந்துச்சு."

"சைவம்னு தெரியும். வாத்து படம்னும் தெரியும். அப்புறம் எதுக்கு அதை வாங்கின?"

நான் வாயைத் திறக்கவில்லை. அன்றைக்கு அது செய்த வேலை போதும்.

"வாத்து பொய்யி. உன் ஆசைதான் நெசம்" என்றார் அத்தை.

எனக்கு அழுகை வந்துவிட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். பிரியாணிக் கடை வாசல் வரை சொன்னேன். "தெரியும். பால்காரரு சொன்னாரு. உங்க மருமகளுக்கு நல்ல செருப்பா வாங்கிக் குடுங்கன்னாரு" என்றார்.

தன் முந்தானையால் என் கண்ணைத் துடைத்துவிட்டார். பிறகு அவரே ஆரம்பித்தார். "நான் பொறுப்புன்னு சொன்னது இந்த அடுப்படிக்கு. உங்கம்மா அடுப்படிக்கு நான் எப்படிப் பொறுப்பாவேன்? மாசத்துல ஒரு ஞாயிறு உங்கம்மா வீட்டுக்குப் போயிட்டு வா. என்ன சாப்பிட்டேன்னு கேக்க மாட்டேன். வந்ததும் தலைக்குக் குளிச்சிட்டு உள்ள வா."

(தோலும் புள்ளிகளும்கூட வாத்து மாதிரி தெரிவதற்காகக் கோதுமை மாவிலேயே செய்வதுதான் என்று திங்கட்கிழமை மிஸ் லிம் சொன்னார்.) அதற்குப் பிறகு மாதம் ஒரு ஞாயிறு உட்லண்ட்ஸ் போய்க்கொண்டிருந்தேன். தாயைப் பார்க்க இப்படி ஓடுகிறாளே என்று பெரியப்பாவே என் பாசத்தை நாலு பேரிடம் மெச்சினார். பல வருடம் கழித்து என் அம்மா காலமானார். கம்பத்து வீடும் போய்விட்டது. காரியமெல்லாம் முடிந்து, ஒரு ஞாயிறு காலை நான் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

"இன்னிக்கு உங்கம்மா வீட்டுக்குப் போகலையா?" என்றார் அத்தை.

"அம்மாதான் இல்லையே அத்தை."

"அதுக்குன்னு போகாம இருப்பியா? போயிட்டு வா. வந்ததும் குளிச்சிரு."

தேக்காச் சந்தைப் பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடையில் தனியாக உட்கார்ந்து, ஆட்டுக்கறிக் குழம்பு வாங்கி, அழுதுகொண்டே சாப்பிட்டேன். பரிமாறியவர் காரம் அதிகமோ என்று பயந்து தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

அத்தையும் போய் வெகுகாலம் ஆகிவிட்டது. எங்கள் குடும்பத்தில் இன்றைக்கும் யாரும் கறி சாப்பிட வெளியே போவதில்லை. எல்லோரும் 'அம்மா வீட்டுக்கு'த்தான் போகிறார்கள். என் பிள்ளைகள் போகிறார்கள், பேரப்பிள்ளைகள் போகிறார்கள். சின்ன மருமகள் கல்யாணமான புதிதில், இப்படித் தாய்மேல் உயிரை விடுகிற குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கிறேன் என்று தன் தோழிகளிடமெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாளாம்.