என் நெற்றிக் கோடுகளைத் திருப்பிக் கொடு

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் மாமாவும் நலமாக இருப்பீர்கள். உங்களுக்கு என்ன குறை. இங்கே நான், இவர், மகள் மூவரும் நலம். என் முகம் மட்டும் எங்களோடு சேராமல் தனியாக நலமாக இருக்கிறது. போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று யோசிப்பாய். போனில் நான் ஆரம்பிக்கிற வாக்கியத்தை நீ முடித்து வைப்பாய். கடிதத்தில் அந்த வசதி உனக்கு இல்லை. உட்கார்ந்து கடைசிவரை படி.

விஷயம் இதுதான். நீ பிறந்தநாள் பரிசாகக் கொடுத்த முக சிகிச்சையின் இரண்டாவது சிட்டிங்குக்கு நான் போகப்போவதில்லை. மூன்றாவதற்கும் போகப்போவதில்லை. கிளினிக்கிலிருந்து உனக்குப் போன் வந்தால், தங்கைக்குப் புத்தி வந்துவிட்டது என்று சொல்லிவிடு.

எப்படி ஆரம்பித்தது என்று உனக்கு நினைவிருக்காது, எனக்கு இருக்கிறது. வீடியோ காலில் பேசிக்கொண்டிருந்தோம். "ஏய், கேமராவத் தொடச்சிட்டு வாடீ, கன்னத்துல ஏதோ கறை மாதிரி தெரியுது" என்றாய். துடைத்தேன். "இன்னும் போகலயே" என்றாய். மறுபடி துடைத்தேன். கறை கேமராவில் இல்லை, கன்னத்தில் இருக்கிறது, அதற்கு மங்கு என்று பெயர் என்பது நம் இருவருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. நீ அப்போது சிரிக்காமல் இருந்திருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலையில்லை. சிரித்ததோடு விட்டாயா? மாமாவையும் கூப்பிட்டுக் காட்டினாய். அவர் நல்லவர், "எனக்குக் கண்ணாடி போடாம ஒண்ணும் தெரியல" என்று நழுவிவிட்டார்.

கிளினிக்கில் ஒரு பெண் என்னைச் சாய்த்துப் படுக்கவைத்து, பூதக்கண்ணாடி வைத்த விளக்கை முகத்துக்கு நேரே இழுத்தாள். "இது வெயிலால வந்தது மேம். இது வயசால வந்தது. இது ரெண்டும் சேர்ந்தது" என்று இடம் இடமாகத் தொட்டுக் காட்டினாள். "அப்ப என்னோடது எது?" என்று கேட்டேன். அவள் எதையோ கன்னத்தில் பூசி, "லேசா சுறுசுறுன்னு இருக்கும் மேம்" என்றாள். மிளகாய் நறுக்கிய கையால் கண்ணைக் கசக்கியவர்களுக்குத்தான் அந்த "லேசா" புரியும். பிறகு டாக்டர் ஊசியோடு வந்தார். "கோபப்படுங்க" என்றார். "யார் மேல?" என்றேன். "யார் மேலயாவது. புருவத்துக்கு நடுவுல கோடு எங்க விழுதுன்னு பாக்கணும்." நான் உன்னை நினைத்துக்கொண்டேன். "ஆஹா, பிரமாதமா விழுது!" என்று குத்திவிட்டார்.

அதற்குப் பிறகு வேகவைத்த உருளைக்கிழங்கு மாதிரி தோல் உரிந்தது. சிரித்தால் இழுத்தது, கொட்டாவி விட்டால் வெடித்தது. எல்லாம் உரிந்து முடிந்தபோது அடியிலிருந்து ஒரு புது முகம் எட்டிப்பார்த்தது. பொய் சொல்ல மாட்டேன். பளபளவென்று இருந்தது. மங்கு பாதிக்கு மேல் போயிருந்தது, நெற்றி சலவைக்கல் மாதிரி இருந்தது. அந்த வாரம் பூராவும் கண்ணாடிக்கு முன்னால் பல் தேய்க்கக் கொஞ்சம் அதிக நேரம் எடுத்துக்கொண்டேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் அந்த நெற்றியை வைத்துக்கொண்டு குடும்பம் நடத்த முடியவில்லை அக்கா. மகள் வந்து, சிநேகிதிகளோடு ஒரு வாரம் சுற்றுலா போகப்போவதாகச் சொன்னாள். நான் புருவத்தை நெரித்தேன், அதாவது நெரித்ததாக நினைத்துக்கொண்டேன்; ஊசி போட்ட இடம் அசையவேயில்லை. அவள் என் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "தேங்க்ஸ்மா!" என்று கட்டிப்பிடித்துவிட்டுப் போய்விட்டாள். இவருடைய நிலைமை அதைவிடப் பரிதாபம். தன் தம்பியின் பெருமையை ஆரம்பித்தவர் சாப்பாடு ஆறும்வரை நிறுத்தவேயில்லை. கடைசியில் நான் தட்டை நகர்த்திவிட்டு எழுந்ததும் திகைத்துப் போனார். "கோபமா இருக்கியா? சொல்லக் கூடாதா? இத்தன வருஷமா அந்த ரெண்டு கோட்டப் பாத்துத்தான் நான் வண்டி ஓட்டிட்டிருந்தேன். இப்படித் திடீர்னு சிக்னல அணைச்சா எப்படி?" என்றார். கல்யாணமான நாளிலிருந்து அவர் என் முகத்தைக் கவனித்திருக்கிறார் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

இதெல்லாம்கூடப் போகட்டும். ஆபீஸ் கதைதான் எனக்குத் தாங்கவில்லை. குடிநீர் அலுவலகத்தில் புகார் கவுண்ட்டர் எது என்று யாரும் போர்டைப் பார்த்துத் தெரிந்துகொள்வதில்லை, சத்தத்தைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்வார்கள். அந்தக் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நான் இத்தனை காலம் உட்கார்ந்திருப்பதற்குக் காரணம் என் பொறுமையும் படிப்பும் என்று நினைத்திருந்தேன். இல்லை அக்கா, முகம்தான். கத்திக்கொண்டு வருகிறவர்கள் கண்ணுக்குக் கீழே தொங்குகிற பையையும், கன்னத்து மங்குக் கறையையும், புருவத்துக்கு நடுவே விழுந்த கோடுகளையும் பார்த்ததும் பாதிக் கோபத்தை விழுங்கிவிடுவார்கள். "ஏன் மேடம், உங்க வீட்லயும் தண்ணி வரலயா?" என்று என்னை விசாரித்தவர்கள் உண்டு. மீதிக் கோபத்தை அவர்கள் சொல்லச் சொல்ல நான் நெற்றியைச் சுருக்கிக் கேட்பேன். கேட்கிறேன் என்று அவர்களுக்குத் தெரியும். அதன்பிறகு எப்போது தண்ணீர் வந்தாலும் பரவாயில்லை என்கிற மாதிரி போய்விடுவார்கள்.

புது முகத்தோடு போன பிறகு ஒரு லாண்டரிக்காரர் வந்தார். குழாயில் செம்மண் கலரில் தண்ணீர் வந்து, யாரோ ஒருவருடைய வெள்ளைத் துணியெல்லாம் பாழாகிவிட்டதாம். சொல்லும்போதே அவர் குரல் உடைந்துவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு நெஞ்சை அடைத்தது. ஆனால் நெஞ்சு அடைத்தது நெஞ்சோடு நின்றுவிட்டது, மேலே வரவில்லை. அவர் பேச்சை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். "நான் அழுதுட்டிருக்கேன். நீங்க போட்டோவுக்கு உக்காந்த மாதிரி உக்காந்திருக்கீங்க" என்றார். "இல்லைங்க, எனக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கு" என்றேன். "எங்க இருக்கு? காட்டுங்க" என்றார். என்னத்தைக் காட்டுவது?

என்மேல் புகார் கொடுக்கப் போவதாகச் சொன்னார். எங்கள் அலுவலகத்தில் யார்மேல் புகார் வந்தாலும் புகார் கவுண்ட்டரில்தான் வாங்கிப் பதிய வேண்டும். ஆகவே அவர் சொல்லச் சொல்ல நானே எழுதினேன். "பொருள்" என்ற இடத்தில் என்ன போடுவது என்று கேட்டேன். "மூஞ்சின்னு போடுங்க" என்றார். போட்டேன். முத்திரை குத்தி ரசீதும் கொடுத்தேன். ரசீதை வாங்கியபோதும் என் முகத்தில் ஒன்றும் இல்லாததைப் பார்த்து, அதையும் சேர்த்து எழுதச் சொன்னார்.

மேனேஜர் கூப்பிட்டார். "மேடம், புகார்ப் பிரிவு மேலயே புகார் வந்தா எந்தப் பிரிவுக்கு அனுப்புறதுன்னு எனக்குத் தெரியல. உங்களுக்கு வீட்ல ஏதாவது நல்ல காரியமா? ரொம்ப நிம்மதியா தெரியறீங்க. ஜனங்களுக்கு அது பிடிக்கல" என்றார். மாதக் கடைசிவரை பார்ப்பாராம். இப்படியே போனால் என்னைப் பின்கட்டில் பழைய மீட்டர்கள் அடுக்கி வைத்திருக்கிற அறைக்கு மாற்றிவிடுவாராம். அங்கே புகார் சொல்ல ஆளே கிடையாது.

நான் சும்மா இருக்கவில்லை. நெற்றி செய்யாத வேலையை வாயாலும் கையாலும் செய்துபார்த்தேன். "ஐயோ", "அடப்பாவமே" என்று சத்தமாகச் சொன்னேன், தலையை ஆட்டினேன், நெஞ்சில் கையை வைத்தேன். ஒரு பெண்மணி, "நாடகம் போடாதீங்கம்மா, எனக்குத் தண்ணி வேணும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். மனத்துக்குள் இருப்பதை எல்லோருக்கும் தானாகத் தெரியும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். தெரியாது அக்கா. முகம் எடுத்துச் சொன்னால்தான் தெரியும்.

அதனால் கேட்டுக்கொள். ஒவ்வொரு சுருக்கத்துக்கும் ஒரு கதை உண்டு என்றெல்லாம் நான் உருக மாட்டேன். வயசாயிற்று, வந்தது, அவ்வளவுதான். ஆனால் வந்த இடத்தில் ஒழுங்காக வேலை பார்த்தது. வேலை பார்க்கிற சாமானை யாராவது தூக்கிப் போடுவார்களா? இந்த ஊசியின் வேகம் சில மாதத்தில் தானாக இறங்கிவிடும் என்று டாக்டர் பயமுறுத்தினார்; நான் அதைத்தான் எதிர்பார்த்துக் காத்திருக்கிறேன். மங்கு வந்தால் வரட்டும். அடுத்த முறை வீடியோ காலில் கறை தெரிந்தால் உன் கண்ணைத் துடைத்துக்கொள். என் நாற்காலியை நான் விடப்போவதில்லை. என் முகத்தைப் பற்றி இனி யாரும், நீ உள்பட, வாய் திறக்கக் கூடாது.

மாமாவுக்கு என் வணக்கம். உன்மேல் கோபம் இருக்கிறது, அன்பும் இருக்கிறது. இரண்டும் இப்போது முகத்தில் தெரியாது என்பதால் எழுதிவிட்டேன்.

உன் பாசமுள்ள,
சின்னவள்

பி.கு.: கடிதத்தை மடித்து உறையில் போடப்போகும்போது கவுண்ட்டருக்கு ஒரு பெரியவர் வந்தார். குனிந்து, கண்ணாடி வழியாக என்னை நன்றாகப் பார்த்தார். "இங்க எப்பவும் ஒரு அம்மா உக்காந்திருப்பாங்களே, ரிட்டையர் ஆயிட்டாங்களா? பாவம், அவங்க மூஞ்சியப் பாத்தா நமக்கு வந்த கஷ்டமே மறந்துடும். நீ யாரும்மா, அவங்க பொண்ணா? இன்னும் படிச்சிட்டிருக்கியா?" என்றார். இத்தனை வருடச் சர்வீஸில் முதல்முறையாக, நானே எழுந்து போய்க் குழாய் சரிசெய்கிற ஆளைக் கையோடு அழைத்து வந்து பெரியவரோடு அனுப்பி, ஒரு புகாரை அன்றைக்கே சரிசெய்திருக்கிறேன். மீட்டர் அறையில் வெளிச்சம் நன்றாகத்தான் இருக்கிறதாம், விசாரித்துவிட்டேன். கிளினிக்கிலிருந்து உனக்கு இன்னும் போன் வரவில்லையே? வந்தால் புத்தி வந்துவிட்டது என்று சொல்லிவிடாதே. இரண்டாவது சிட்டிங்கைக் கொஞ்சம் முன்னாடி வைக்க முடியுமா என்று மட்டும் கேட்டுச் சொல்.